பாரதி பாட்டும் பதிப்புரிமை வேலியும்

கங்கைக் கரையில் குடியேறி வாழும் நம்மனோர்க்குப் பாரதி விழா என்பது ஊர்த் தெய்வத்துக் கொடைவிழாப் போன்றது. அதற்கு வராத தமிழ்க் குடும்பம் அரிது. சில ஆண்டுகட்கு முன்னர் அலிப்பூரில் நடைபெற்ற அத்தகைய விழா ஒன்றில், ஒன்பது அகவைச் சிறுமியொருத்தி கண்ணன் பாட்டுகளுள் ஒன்றைப் பாடினாள். பக்கவாத்தியம் எதுவுமில்லை, சுருதிப் பெட்டி ஒன்றே துணை. மெட்டோ, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் அவள் பாட்டி விடுமுறைக் காலத்தில் வாய்வழியாகக் கற்பித்தது. பிறந்தது முதல் வங்கமொழி சூழ வளரும் குழந்தை ழகரத்தைப் பிறழாது ஒலித்தபோது, அவையிலிருந்த முதியோர் கண் கசிந்ததைக் கண்டோம்.

ஊரிலுள்ள பாட்டியும் கேட்டு மகிழட்டும் என்று அப்பாட்டைக் கைப்பேசியில் படமெடுத்து இணையத்தில் ஏற்றி வைத்தோம். மறுநாள் பார்த்தால், குழந்தையின் வாய் அசைகின்றது, ஒலி இல்லை. இவ்வொலி பிறிதொருவரின் பதிப்புரிமைக்கு உட்பட்டது என்னும் அறிவிப்பு மட்டும் கீழே நின்றது. யாரோ ஓர் ஒலிப்பதிவு நிறுவனத்தார் சார்பில், மனிதர் எவரும் கேளாமலே, இயந்திரம் ஒன்று அப்பாட்டைத் தனக்குரியதென்று சொல்லியிருந்தது.

பாரதி பாட்டுக்கு உடையவர் எவர்? இவ்வினா நமக்குப் புதியதன்று. 1948ஆம் ஆண்டிலேயே தமிழகத்துத் தெருக்களில் எழுந்த வினா இது. அன்று மக்கள் அதற்கு விடையும் கண்டனர். கண்ட விடையை நாம் மறந்துவிட்டோம் போலும் என்னும் எண்ணத்தால், அலிப்பூர் பெல்வெடியர் மாளிகை வளாகத்திலுள்ள தேசிய நூலகத்துக்குச் சில சனிக்கிழமைகள் நடந்தோம். அலுவலகத்தில் பழங்கோப்புகளைப் புரட்டியே பாதி வாழ்நாளைக் கழித்த நமக்கு, பழஞ்செய்தி தேடுவது ஒன்றும் புதுத் தொழில் அன்று.

அந்நூலகத்தைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. 1903இல் கர்சன் பிரபு திறந்து வைத்த இம்பீரியல் நூலகம், 1948இல் தேசிய நூலகம் என்று பெயர் மாற்றம் பெற்று, 1953இல் பெல்வெடியரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாட்டில் வெளியாகும் நூல் ஒவ்வொன்றிலும் ஒரு படி இங்கு வந்து சேரவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தம் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த நூல்களும் சுவடிகளும் நெல்லைக்கோ சென்னைக்கோ செல்லாமல் இந்த அலிப்பூரில்தான் அடைக்கலம் புகுந்துள்ளன. நம்மவரில் எத்தனை பேர் இதனை அறிவர்?

இனிப் பாரதியின் கதைக்கு வருவோம்.

1921 செப்டம்பரில், முப்பத்தெட்டு அகவையில் பாரதி மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் அவர் பெருங்கனவு ஒன்று கண்டிருந்தார். தம் எழுத்துகளை நாற்பது தொகுதிகளாக்கி, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட்டு, தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும் போல வீடுதோறும் விற்பனையாகச் செய்ய வேண்டும் என்பதே அது. பணம் கேட்டு நண்பர்கட்குச் சுற்றறிக்கையும் விடுத்தார், பணம் வரவில்லை. கணவர் மறைந்தபின் செல்லம்மா பாரதி தாமே பதிப்பிக்கத் தொடங்கினார். சரிவரவில்லை. பின்னர் ஹரிஹர சர்மா, பாரதியின் தம்பி விசுவநாதன் முதலானோர் நடத்திய பாரதி பிரசுராலயம் அப்பணியை மேற்கொண்டது. 1931இல் செல்லம்மா நாலாயிரம் ரூபாய்க்கு உரிமையைப் பிரசுராலயத்துக்கு விற்றார். இடையில் 1928இல், பர்மா அரசு பாரதி பாடல்களைத் தடைசெய்ய, அதனைப் பின்பற்றிச் சென்னை அரசும் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இடிமுழக்கமிட்டார். கடல் கடந்து சென்ற தமிழர் இரங்கூனில் பாடிய பாட்டு சென்னையிலும் பூட்டப்பட்ட விந்தை, புலம்பெயர்ந்து வாழும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

அரசு போட்ட பூட்டு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வாணிகம் போட்ட பூட்டு நெடுநாள் தெரியாமலே இருந்தது. இசைத்தட்டும் வானொலியும் பேசும்படமும் வந்துவிட்ட காலம் அது. பாரதி பாடல்களை ஒலிவடிவில் வழங்கும் உரிமை மட்டும் தனியே பிரிக்கப்பட்டு, 1930களில் சில நூறு ரூபாய்க்கு ஜெசிங்லால் மேத்தா என்னும் வணிகர் கைக்குச் சென்றது. பின்னர் அவரிடமிருந்து பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் அதனை வாங்கினார். இதில் செட்டியாரைக் குறைகூற நமக்கு மனமில்லை. 1947 தொடக்கத்தில் அவர் வெளியிட்ட 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாடல்கள் பட்டிதொட்டி எங்கும் பரவின. பாரதியின் பெயரையே கேட்டிராதவரும் அவர் பாட்டை முணுமுணுத்தனர். ஆயினும் ஒன்றை மறைத்தலும் தகாது. ஒரு நாடகக்காரர் மேடையில் பாரதியைப் பாட வேண்டுமானால், ஒரு வணிகரின் கையொப்பம் வேண்டும் என்ற நிலை உண்டாயிற்று.

மக்கள் இதனை முதலில் உணர்ந்தது 1948இல்தான். டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு ஒன்று இடம்பெற்றது. உரிமை எம்முடையது என்று மெய்யப்பச் செட்டியார் வழக்குத் தொடுத்தார். சட்டப்படி அவர் பக்கம் நியாயம் இருந்தது. அப்போது நடைமுறையிலிருந்த 1914ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்து ஐம்பதாண்டுகள் வரை உரிமையைக் காத்தது. கணக்கிட்டால் 1971 வரை பாரதி பாட்டு தனியுடைமை. டி.கே.சண்முகம் பணிந்து பணம் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. பாரதி பாட்டு தமிழர் அனைவர்க்கும் பொது என்றே நின்றார்.

இவ்வழக்குக்கு முந்திய ஆண்டு நிகழ்ந்த ஒன்றையும் இங்கே இணைத்துப் பார்த்தல் வேண்டும். 1947 அக்டோபரில் எட்டயபுரத்தில் மக்கள் பணத்தால் எழுந்த பாரதி மணிமண்டபத்தைத் திறந்து வைத்தவர் இராஜாஜி. அன்று அவர் மேற்கு வங்கத்தின் ஆளுநர். இதே கல்கத்தாவிலிருந்துதான் எட்டயபுரம் சென்றார். அம்மண்டபத்துக்காக ஓரணா, ஈரணாவாகக் கொடுத்தவர்கள் எண்ணற்றோர். கல்லால் மண்டபம் எழுப்ப மக்களுக்கு உரிமை உண்டு. அதனுள் நின்று பாட்டை ஒலிபெருக்கியில் பாட உரிமை இல்லை! இம்முரண்பாடு எவரையும் உறுத்தாமலிராது.

கிளர்ச்சி எழுந்தது. பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்புத் தோன்றியது. பாரதியோடு பழகிய வ.ரா., நாரண துரைக்கண்ணன், திருலோக சீதாராம், வல்லிக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் அதில் முன்னின்றனர். பொதுவுடைமை மேடைகளில் ப.ஜீவானந்தம் முழங்கினார். கட்சி வேறு, கொள்கை வேறு. ஆயினும் பாட்டு ஒன்று. கூட்டங்களில் தீர்மானங்கள் நிறைவேறின, பத்திரிகைகள் எழுதின. நாரண துரைக்கண்ணனும் சண்முகமும் திருலோக சீதாராமும் திருநெல்வேலி சென்று செல்லம்மாவைக் கண்டு, பாடல்களை நாட்டுக்கு வழங்க இசைவு பெற்றனர். விற்ற உரிமைக்கு அவ்வம்மையாரின் இசைவு சட்டப்படி தேவையில்லை. எனினும் கேட்கச் சென்றார்களே, அதனை நாம் பெரிதும் மதிக்கின்றோம். வறுமையோடு வாழ்ந்து, கணவரின் காகிதங்களைக் கட்டிக் காத்தவர் அவர்.

அப்போது சென்னை மாகாணத்தின் முதல்வர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். 1949 மார்ச்சில் பாரதி நூல்களின் உரிமையை அரசே பெறுவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. விசுவநாதனுக்கு ரூ.15,000, செல்லம்மாவுக்கும் இரு புதல்வியர்க்கும் தலைக்கு ரூ.5,000 என்று தொகை தரப்பட்டது. ஒலி உரிமைக்கு மெய்யப்பச் செட்டியார் ஒரு காசும் பெறவில்லை, கேட்டவுடன் விட்டுக்கொடுத்தார். வழக்கும் முடிந்தது. எழுத்தாளர் ஒருவரின் படைப்புகளை அரசு விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு உரியதாக்கியது இந்நாட்டில் அதுவே முதன்முறை.

கதை இத்துடன் முடிந்ததென்று எண்ணுவோர் பலர். முடியவில்லை. உரிமை வணிகரிடமிருந்து அரசுக்கு மாறியதே தவிர, மக்களிடம் உடனே வந்துவிடவில்லை. அறிஞர் குழு அமர்ந்து பாடம் ஒப்பிட்டு, அரசின் கவிதைத் தொகுதி வெளிவர 1954 ஆயிற்று. எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்று கதவு முற்றத் திறந்தது 1955இல், காமராசர் முதல்வராயிருந்தபோது. ஆறு ஆண்டுகள் கோப்பு எங்கெங்கே உறங்கியிருக்கும் என்பதை நம் போன்ற எழுத்தர்கள் எளிதில் ஊகிப்போம்! ஆயினும் திறந்த கதவின் பயனை நம் வீடுகளிலேயே காண்கின்றோம். கொல்கத்தாவுக்கு முதன்முதல் வேலைக்கு வந்தபோது நம் பெட்டிக்குள் இருந்தவை மூன்றே நூல்கள். அவற்றுள் ஒன்று, மலிவுத் தாளில் அச்சான பாரதியார் கவிதைகள். உரிமை தனியார் கையிலேயே இருந்திருப்பின் அவ்விலைக்கு அந்நூல் கிடைத்திராது.

இனி, நாம் வாழும் நகரத்துக் கதையைச் சொல்லவேண்டும். ஏனெனில் இங்கு நேர்ந்தது நேர்மாறானது.

இரவீந்திரநாத தாகூர் 1941 ஆகஸ்டு 7 அன்று மறைந்தார். அவருடைய உரிமைகள் விசுவபாரதியிடம் இருந்தன. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, மறைந்த ஆண்டு முடிந்து ஐம்பதாண்டுகள் கழிய, 1991 டிசம்பர் 31 அன்று அவ்வுரிமை அற்றுப்போக வேண்டும். மூன்றே நாட்கள் எஞ்சியிருக்கையில், டிசம்பர் 28 அன்று அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது, ஐம்பது அறுபதாயிற்று. 1992இல் நாடாளுமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஒரு கவிஞரை முன்னிட்டு நாடு முழுமைக்கும் சட்டம் நீண்டது. அதன் விளைவு நம்மையும் தொட்டது. 1942இல் மறைந்த உ.வே.சாமிநாதையரின் நூல்கள் 1992 முடிவில் பொதுவுடைமையாகியிருக்க வேண்டியவை. அவற்றுக்கும் பத்தாண்டுகள் கூடின. சாந்திநிகேதனத்துக்குப் போட்ட வேலி தமிழ்த் தாத்தாவின் தோட்டத்தையும் வளைத்துக்கொண்டது.

வங்கத்தார் இவ்வேலியை வாளா ஏற்றனரோ எனில், அன்று. தாகூரின் இசைப்பாடல்களை ஒலிப்பதிவு செய்ய விசுவபாரதி இசைக் குழுவின் ஒப்புதல் தேவைப்பட்ட காலத்தில், தேவவிரத பிசுவாசு என்னும் பெரும்பாடகரின் பதிவுகளை, வாத்திய அமைப்பும் பாடும் முறையும் மரபுக்கு ஒவ்வா என்று 1960களில் குழு தடுத்தது. வங்க மக்கள் அவர் குரலுக்கு உயிரை விட்டனர், குழுவோ இசையவில்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் தாகூர் பாடல்களைப் பதிவுசெய்வதையே நிறுத்திக்கொண்டார். அவர் எழுதிய தன்வரலாற்று நூலின் பெயர் 'பிராத்யஜனேர் ருத்தசங்கீத்'; விலக்கப்பட்டவனின் அடைபட்ட இசை என்று பொருள். 1980இல் மறைந்த அவரைப் பற்றி நம் அலுவலகத்து முதிய வங்க நண்பர் ஒருவர் பேசத் தொடங்கினால், தேநீர் ஆறிப்போகும் வரை நிறுத்தமாட்டார்.

2001 முடிவில் தாகூர் உரிமை காலாவதியாயிற்று. வானம் இடிந்து விழவில்லை. கல்லூரித் தெருவில் பல பதிப்பகங்கள் தாகூர் தொகுதிகளை வெளியிட்டன. 2013இல் யாதவபூர்ப் பல்கலைக்கழகத்தார் அவருடைய கையெழுத்துப் படிகளையும் அச்சுப் பாடங்களையும் 'விசித்ரா' என்னும் பெயரில் இணையத்தில் எல்லார்க்கும் திறந்து வைத்தனர். உரிமை நீடித்திருப்பின் இத்தகைய பணிக்கு எத்தனை அனுமதி, எத்தனை கட்டணம் வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அலிப்பூர் என்றவுடன் வங்கத்தார்க்கு நினைவு வருவது அரவிந்தர் ஓராண்டு அடைபட்டிருந்த சிறை. 1909இல் விடுதலையாகி, 1910இல் புதுச்சேரி சேர்ந்த அவரோடு உரையாடி மகிழ்ந்தவர் பாரதி. அவரே தாகூரின் சிறுகதைகளையும் கட்டுரைகளையும் தமிழாக்கியவர். வங்கத்திலிருந்து தமிழுக்கு இங்ஙனம் தடையின்றிப் பாய்ந்த கால்வாய்களுக்கு இன்று மதகு வைப்பது எங்ஙனம் என்பதே சட்டப் புலவர்களின் ஆராய்ச்சியாய் உள்ளது.

இணையக் காலத்தில் வேலியின் இயல்பே மாறிவிட்டது. முன்பு பாட்டு களவாடப்பட்டது என்று ஒருவர் வழக்காட வேண்டும், நீதிபதி கேட்க வேண்டும். இன்றோ நூலுக்குள்ளும் இசைக்குள்ளும் மின்பூட்டு வைத்தே விற்கின்றனர். அமெரிக்கா 1998இல் இப்பூட்டை உடைப்பதையே குற்றமாக்கியது. அந்நாட்டில் இன்னும் கடுமையான சட்டங்கள் வர இருந்தபோது, 2012 சனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒருநாள் முழுதும் இருண்டு நின்று எதிர்ப்புக் காட்டியது. அச்சட்டங்கள் கிடப்பில் போயின. அவ்வாண்டு சூலையில் ஐரோப்பியப் பாராளுமன்றமும், தெருவில் இறங்கிய மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து, அத்தகைய உடன்படிக்கை ஒன்றைத் தள்ளியது.

நம் நாட்டுச் சட்டமும் அதே 2012இல் திருத்தப்பட்டது. மின்பூட்டை உடைப்போர்க்கு ஈராண்டுச் சிறை வரை தண்டனை உண்டு. ஆனால் சட்டம் அனுமதிக்கும் காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை என்னும் விலக்கும் உண்டு. இவ்விலக்கு இருப்பதால் அமெரிக்கச் சட்டத்தைவிட நமது சற்றே இரக்கமுடையது. பார்வையற்றோர்க்காக நூலை ஒலிவடிவிலோ புள்ளியெழுத்திலோ மாற்றிக்கொள்ளவும் அத்திருத்தம் இடந்தந்தது. இது தானாக வந்ததன்று. 2009 முதல் சென்னை உள்ளிட்ட நகரங்களில் கூடி, எங்களுக்கும் படிக்கும் உரிமை வேண்டும் என்று கேட்ட பார்வையற்றோரும் அவர்தம் தோழரும் பெற்ற பயன் அது. அதனைத் தொடர்ந்து வந்த மராக்கேசு உலக உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாவே.

படைப்பாளிக்கு உரிமையே கூடாது என்பது நம் வாதமன்று. எழுதிப் பிழைப்பவன் வயிறு நிறைய வேண்டும். தமிழக அரசு 2009இல் சில எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்க முன்வந்தபோது, சுந்தர ராமசாமி, கண்ணதாசன் குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. அது அவர்கள் முடிவு. நாம் கேட்பது வேறு. பொதுவுக்கு வந்துவிட்ட பொருள் பொதுவிலேயே இருக்க வேண்டாவா? 1998 பொங்கல் நாளில் கல்யாணசுந்தரம் என்னும் தமிழர் சுவிட்சர்லாந்திலிருந்து தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தமிழர் கைகொண்டு தட்டச்சு செய்த சங்க இலக்கியம் முதல் பாரதி, கல்கி வரையான நூல்களைக் காசின்றித் தருகின்றது. உரிமை முடிந்தவையும், நாட்டுடைமையானவையும், உரியவர் இசைவு தந்தவையுமே அதில் இடம்பெறும். கொல்கத்தாவில் தமிழ்ப் புத்தகக் கடை தேடி அலையும் நம் பிள்ளைகளுக்கு, பல வீடுகளில் அதுவே நூலகம்.

இனி அச்சிறுமியின் பாட்டு. நம் நாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் முறையிடுபவர் 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணை பெற்று வராவிடில், தடுத்ததை மீண்டும் திறக்கலாம். இயந்திரத்தின் கோரிக்கைக்கோ முறையீடும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஒலிப்பதிவுக்கும் மெட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டென்பதை நாம் அறிவோம். ஆனால் இங்கே பதிவு நம்முடையது, மெட்டு பாட்டியுடையது, சொல் பாரதியுடையது. இதனை விளக்கி மறுப்பு எழுத ஓர் இரவு அமர்ந்தோம். அலுவலகப் பழக்கத்தால் வரைவு ஒழுங்காகவே வந்தது: ஆசிரியர் மறைவு 1921, உரிமை அரசுக்கு மாறியது 1949, பொதுவுக்கு வந்தது 1955. உரிமையாளர் பெயர் என்றொரு கட்டம் இருந்தது. அதனைக் காலியாக விட்டால் படிவம் நகர மறுத்தது. சிறிதுநேரம் எண்ணிப் பார்த்து, தமிழ் மக்கள் என்று எழுதி அனுப்பினோம்.

பதினெட்டாம் நாள் ஒலி திரும்பியது. தாம் கற்பித்த மெட்டைப் பேத்தியின் குரலில் பாட்டி அன்று மாலைதான் கேட்டார். இரண்டாம் அடியில் ஓரிடத்தில் இழுப்புக் குறைகின்றது, அடுத்த விடுமுறைக்கு வரும்போது சரிசெய்து அனுப்புகின்றேன் என்று சொல்லியனுப்பினார்.